அக்காவிட்டக் கேளுங்கோ: கபேட்டுக்குள்ள கிடக்கிற தட்டு

இந்த மாசம் வந்த கடிதங்களையும் வட்ஸ்அப் மெசேஜையும் வாசிச்சு முடிக்கவே எனக்கு ரெண்டு கிழமை போயிட்டுது. மே முடிஞ்சு ஜூலை வந்தா எங்கட ஆக்களுக்கு நெஞ்சுக்குள்ள அமுக்கி வச்சதெல்லாம் மேல வரும், எனக்கும்தான். அதால சமையல், சாதகப் பொருத்தம், மாமியார் பிரச்சினை கேட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ, உங்களுக்கு அடுத்த மாசம் பதில் போடுறன், இந்த முறை மூண்டு கடிதம் மட்டும்.

கேள்வி: அக்கா, நான் தெகிவளையில ஒரு ஃப்ளாட்டில 2006ல இருந்து இருக்கிறன், சொந்த இடம் புதுக்குடியிருப்பு. 2009 ஏப்ரல்ல மாத்தளன்ல ஷெல் விழுந்து அம்மா செத்திட்டா, காயப்பட்டு செஞ்சிலுவைக் கப்பல்ல புல்மோட்டைக்கு வந்த ஒராள் சொல்லித்தான் எனக்கே தெரியும். தம்பி மே மாசம் கடைசி நாளுகள்ல வட்டுவாகல் பக்கத்தால வந்து ஆமியிட்ட சரணடைஞ்சவன், கண்ட ஆக்கள் இருக்கினம், இண்டைக்கு வரைக்கும் ஆள் இல்லை.

அந்த மே 19ம் திகதி, யுத்தம் முடிஞ்சுதெண்டு கொழும்பு முழுக்க வெடி, சந்திக்குச் சந்தி கிரிபத், அதான் சிங்கள ஆக்கள் சந்தோசத்துக்குக் காய்ச்சுற பால்சோறு. எங்கட எதிர் ஃப்ளாட் சிங்கள ஆன்ட்டி ஒரு தட்டில கிரிபத்தும் கட்ட சம்பலும் கொண்டு வந்து கதவைத் தட்டினா. எனக்குக் கை கால் நடுங்குது, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் வாங்கிட்டன், கதவைச் சாத்திட்டு பல்கனியில கொட்டினன், காகம் கூட்டமா வந்து திண்டுது. தட்டைக் கழுவி கபேட்டுக்குள்ள வச்சிட்டன். திருப்பிக் குடுக்கேல்ல, அவவும் கேக்கேல்ல. 16 வருசம் அக்கா, லிஃப்ட்டுக்குள்ள கண்டா தலையை ஆட்டுறதோட சரி.

போன மாசம் லிஃப்ட் பழுது. அவ மரக்கறி பாக்கோட ரெண்டாம் மாடிப் படியில மூச்சு வாங்கி இருந்தா, பாக்கையும் தூக்கி ஆளையும் பிடிச்சுக்கொண்டு போய் வீட்டுக்குள்ள விட்டன், முதல் தரம் அந்த வீட்டுக்குள்ள போறன். சுவரில ஒரு ஆமிக்காரப் பெடியன்ர படம். மகனாம், 1996ல முல்லைத்தீவு காம்ப் அடிபட்ட நேரம் காணாமல் போனவனாம், உடம்பு வரேல்லையாம். படத்துக்கு மாலை போடேல்ல. ஏனெண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கேட்டன். "அவன் செத்ததெண்டு எனக்கு ஒருத்தரும் காட்டேல்லையே துவே" எண்டா. துவே எண்டா மகள் எண்டு. என்ர தம்பின்ர படத்துக்கும் மாலை இல்லை அக்கா. அண்டைக்கு அவ தந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வந்தன்.

இதை ரொறன்ரோவில இருக்கிற என்ர அக்காவுக்குச் சொன்னன். "தம்பியைக் கொண்டவங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனியோ" எண்டு கத்திட்டு, செம்மணிப் புதைகுழியில கிண்டி எடுத்த அந்த நீலப் புத்தகப் பை படத்தை அனுப்பினா, அதுக்குப் பிறகு மூண்டு கிழமையா ஃபோன் எடுக்கேல்ல. நான் செய்தது துரோகமோ? நான் அவையளை மன்னிச்சிட்டன் எண்டு அர்த்தமோ? மன்னிக்கத்தான் வேணுமோ? அந்தத் தட்டை என்ன செய்யிறது?
— பெயர் வேண்டாம், தெகிவளை

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை அடுப்படியில நிண்டபடி வாசிச்சனான், பருப்பு அடிப்பிடிச்சது தெரியேல்ல.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. அந்த ஆன்ட்டின்ர மகன் காணாமல் போனது 1996 ஜூலை, முல்லைத்தீவு முகாமில சண்டை தொடங்கினது அந்த மாசம் 18ம் திகதி, ஆயிரத்துக்கு மேல ஆமிக்காரர் அந்தச் சண்டையில செத்தவை, கன பேரின்ர உடம்பு வீடு போய்ச் சேரேல்ல. உங்கட தம்பி இல்லாமல் போனது 2009. 13 வருசத்துக்கு முதல் போன பெடியன் உங்கட தம்பியைத் தொட்டிருக்க ஏலாது. உங்கட அக்கா கோவத்தில இதைக் கணக்குப் பாக்கேல்ல, பாக்கவும் ஏலாது அவவால, ஆனா நீங்கள் பாக்கலாம், ஏனெண்டா நீங்கள் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டனீங்கள்.

நீங்கள் அந்த மனிசிக்கு மரக்கறி பாக் தூக்கினதும் தேத்தண்ணி குடிச்சதும் மன்னிப்பு இல்லை, ஏனெண்டா அவ உங்களுக்குச் செய்த குற்றம் எண்டு ஒண்டு இல்லை, அவவை மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒரு படத்தைச் சுவரில வச்சுக்கொண்டு எதிர் எதிர் கதவில இருந்திருக்கிறியள், 16 வருசம் தெரியாமல். அது தெரிய வந்த அண்டு தேத்தண்ணி குடிக்காமல் வந்திருந்தாத்தான் எனக்குக் கவலையா இருந்திருக்கும். துரோகம் எண்ட சொல்லை எங்கட சனம் கன பேர் மேல எறிஞ்சு பாத்திட்டுது, சில பேரைக் கொண்டும் போட்டுது, அந்தச் சொல்லை நீங்களே உங்களுக்கு மேல எறியாதேங்கோ.

ஆனா அந்தக் கிரிபத். அதை நான் லேசா விட மாட்டன். அண்டைக்கு நானும் வெள்ளவத்தையிலதான் இருந்தனான், ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, பிள்ளையளை டிவி போட வேண்டாம் எண்டு சொல்லிட்டு இருந்தனான், வெளியில வெடிச் சத்தம், வீட்டுக்குள்ள வன்னியில இருந்து ஒரு தகவலும் இல்லாத சொந்தக்காரரின்ர பேர் எழுதின கொப்பி. அந்த நாள் எங்கட ஆக்களுக்கு என்ன செய்ததெண்டு அந்த ஊர்வலத்தில போன ஆக்களுக்கு இண்டைக்கும் விளங்கேல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். நீங்கள் கொட்டினது பிழையில்லை, அந்தச் சோறு உங்கட தொண்டையால இறங்காது. அதே நேரம், 13 வருசமா மகன்ர உடம்பைக் கூடக் காணாத ஒரு தாய் யுத்தம் முடிஞ்சுது எண்ட செய்தியைக் கேட்டிட்டு ஏன் பால்சோறு காய்ச்சினா, அதை ஏன் கொழும்பில வேற ஒருத்தருக்கும் குடுக்காமல் தமிழ் ஆக்கள் இருக்கிற எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் குடுத்தா? வெண்டிட்டம் எண்டோ, இனி ஒருத்தரின்ர பிள்ளையும் போகாது எண்டோ, ரெண்டும் கலந்தோ. அது அவவுக்குத்தான் தெரியும். நீங்களும் நானும் இஞ்ச இருந்து ஊகிச்சு அவவுக்கு நல்ல பேரோ கெட்ட பேரோ குடுக்க வேண்டாம், ஒரு நாளைக்குக் கேளுங்கோ. உங்கட அம்மா செத்த செய்தி அப்பதான் வந்திருந்தது எண்டதையும் அவவுக்குச் சொல்லுங்கோ. அவவுக்கு இண்டைக்கு வரைக்கும் அது தெரியாது தானே.

இனி மன்னிக்கத்தான் வேணுமோ எண்ட கேள்வி. இதுக்கு என்ர வீட்டுக் கதையைத்தான் சொல்ல ஏலும், வேற ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

1983 ஜூலை 25, திங்கக்கிழமை. எனக்கு 11 வயசு, வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில வாடகை வீடு. அப்பா புறக்கோட்டையில ஒரு கடையில கணக்குப்பிள்ளை, முதல் நாள் ராத்திரி பொரளையில பிரச்சினை எண்டு கதை வந்தும், கடை சாவி தன்னிட்ட எண்டு காலமையே வெளிக்கிட்டுப் போனவர். பத்து மணி போல கூட்டம் வந்திட்டுது, கையில வாக்காளர் இடாப்பு, எந்த வீட்டில தமிழர் எண்டு பேர் பாத்துப் பாத்து வாறாங்கள். பின் வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை மதிலால இழுத்து எடுத்து, தேங்காய் குவிச்சு வச்சிருந்த அறைக்குள்ள விட்டுப் பூட்டினவை. அந்த வீட்டு ஐயா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கேட்டில நிண்டு "இஞ்ச ஒருத்தரும் இல்லை" எண்டு கத்தினது எனக்கு இப்பவும் கேக்குது. அந்த அறையில மேல காத்து வாற ஓட்டை ஒண்டு, தேங்காய்க் குவியல்ல ஏறி நிண்டு அதுக்குள்ளால பாத்தனான். எங்கட வீட்டில புகை. அம்மாவின்ர தையல் மெசின்ர மேல் பலகையைத் தலையில வச்சுக்கொண்டு ஒரு பெடியன் ஓடுறான், அரைக் காற்சட்டை, என்ர வயசுதான் இருக்கும்.

அப்பா வரேல்ல. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில அகதியா இருந்து, பிறகு லங்கா கல்யாணிக் கப்பல்ல காங்கேசன்துறைக்குப் போய் இறங்கினம், அம்மா அந்த வீட்டு நோனா உடுக்கக் குடுத்த சீத்தைச் சட்டையோட. அப்பாவைத் தேடாத ஆஸ்பத்திரி இல்லை. உடம்பும் இல்லை, ஒரு செருப்பும் இல்லை.

அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கேல்ல. நேரா சொன்னவ, மன்னிக்க மாட்டன் எண்டு. அதே அம்மா நாங்கள் திரும்பவும் கொழும்புக்கு வந்த பிறகு ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் அந்தப் பின் வீட்டுக்குப் பலகாரத் தட்டு அனுப்பாமல் இருந்ததில்லை, முறுக்கு, பயித்தம் பணியாரம், அந்த நோனாவுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு அவவுக்கெண்டு தனிய ஒரு சின்னப் பெட்டியில இனிப்பில்லாதது. மன்னிக்காத மனிசியும் அந்தத் தட்டுக் கட்டின மனிசியும் ஒராள்தான். சின்ன வயசில எனக்கு இது விளங்கேல்ல, இப்ப விளங்குது.

2004 ஜூலையில சந்திரிகா அம்மையார் ஜனாதிபதியா இருந்துகொண்டு 83க்காக மன்னிப்புக் கேட்டவ. செய்தியில அது போகேக்க அம்மா அகப்பையோட வந்து டிவிக்கு முன்னால நிண்டா. "கேக்க வேண்டியவங்கள் கேக்கேல்ல, அப்ப ஆட்சியிலயே இல்லாத இவ கேக்கிறா" எண்டா. குசினிக்குள்ள போய்க் கொஞ்ச நேரத்தால திரும்பி வந்து, "அவவுக்கும் தேப்பன் 59ல போனது, புருசன் 88ல போனது, அவவின்ர கண்ணும் போனது" எண்டா. அவ்வளவுதான், அதுக்கு மேல அந்தக் கதை இல்லை, சோறு போட்டா. அந்தக் கண் 1999ல டவுன் ஹோல் கூட்டத்தில எங்கட பக்கத்து, புலிகள் இயக்கத்து ஆள் வெடிச்ச குண்டால போனது எண்டு அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் என்னைக் கேட்டாத் தங்கச்சி, அந்தத் தையல் மெசின் பலகை கொண்டு ஓடின பெடியனை மன்னிச்சிட்டன். எப்ப எண்டு தெரியாது, என்ர மகனுக்கு 11 வயசு ஆன வருசம் எண்டு நினைக்கிறன், அவன் ஸ்கூல் விட்டு வந்து சப்பாத்தைக் கழட்டி எறியேக்க பாத்துக்கொண்டு நிண்டன், இந்த வயசுப் பிள்ளைக்கு ஆரோ ஒரு பெரிய மனிசன் தானே "போய் எடு" எண்டு சொல்லிக் குடுத்திருப்பான் எண்டு மனசில வந்துது. அந்தப் பெடியனுக்கும் இப்ப 53 இருக்கும், இந்த ஊரிலதான் எங்கயோ இருப்பான், 100ம் நம்பர் பஸ்ஸில எனக்குப் பக்கத்தில நிண்டாலும் தெரியாது. ஆனா அந்த இடாப்பைக் கூட்டத்தின்ர கையில குடுத்தவனை நான் இன்னும் மன்னிக்கேல்ல, மன்னிப்பனோ தெரியாது. அப்பாவை என்ன செய்தாங்கள் எண்டு ஒரு ஆள் வந்து சொல்லட்டும், பிறகு யோசிக்கிறன்.

அதால முழுசா மன்னிச்சிட்டியோ இல்லையோ எண்டு உங்களை ஆரும் கேட்டா, ஆமா இல்லை எண்டு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒராளை மன்னிக்கலாம், மற்றாளை விடலாம். இந்த வருசம் ஏலாது, பத்து வருசத்தால ஏலும். அம்மாவுக்கு நடந்ததை அம்மாவுக்காக நீங்கள் மன்னிக்க ஏலாது, தம்பிக்காகவும் ஏலாது, உங்களுக்கு நடந்தது மட்டும்தான் உங்கட கையில. நல்லிணக்கம் நல்லிணக்கம் எண்டு மேடையில பேசிப் பேசி அந்தச் சொல்லே எங்கட ஆக்களுக்குக் கசந்து போச்சு, 2010ல அதுக்கெண்டு ஆணைக்குழு வச்சவை, அந்தக் குழுவிட்டத் தாய்மார் வந்து அழுதழுது சொன்னவை, பிள்ளை எங்க எண்டு இண்டைக்கும் பதில் இல்லை. 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில ரோட்டோரம் கொட்டில் போட்டு இருந்த அம்மாமார்ல எத்தினை பேர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிட்டினம். அவையளிட்டப் போய் மன்னியுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கட அக்காவோட சண்டை பிடிக்காதேங்கோ. அவவுக்கு எதிர் வீட்டு ஆன்ட்டி இல்லை தானே, அவவிட்ட இருக்கிறது ஃபோன்ல வாற படம் மட்டும்தான், அந்த நீலப் பையை நானும் பாத்தனான், ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்ல. "நானும் அந்தப் படத்தைப் பாத்தனான் அக்கா, நானும் தம்பியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்கோ. ஆறினாப் பிறகு இதையும் சொல்லிப் பாருங்கோ: அவ இருக்கிற அதே ரொறன்ரோவில இஸ்ஸெல்டின் அபுஎலைஷ் எண்டு ஒரு பாலஸ்தீன டொக்டர் இருக்கிறார். 2009 ஜனவரி 16ம் திகதி, வன்னியில எங்கட சனம் ஓடிக்கொண்டிருந்த அதே மாசம், காசாவில அவற்ர வீட்டுக்கு இஸ்ரேல் டாங்கி அடிச்சு மூண்டு மகள்மாரும் ஒரு பெறாமகளும் ஒரே அறையில செத்தவை. அவர் இஸ்ரேல் ஆஸ்பத்திரியிலயே வேலை செய்த மனிசன். நான் வெறுக்க மாட்டன் எண்டு உலகம் முழுக்கச் சொன்னவர், அதே நேரம் மன்னிப்பும் நட்டஈடும் கேட்டு இஸ்ரேல் கோட்டுக்குப் போனவர், 2021ல மேல் கோட்டும் தள்ளுபடி செய்திட்டுது. வெறுக்காததும் வழக்குப் போட்டதும் ஒரே மனிசன் எண்டதைத்தான் உங்கட அக்காவுக்குச் சொல்ல வேணும். எதிர் வீட்டில தேத்தண்ணி குடிச்சா தம்பின்ர வழக்கை விட்டிட்டன் எண்டு அர்த்தமில்லை.

இன்னொண்டு, இது கன பேருக்குத் தெரியாது. 2016ல காணாமல் போனோர் அலுவலகத்துக்குப் போட்ட சட்டத்தில, சண்டையில காணாமல் போன படையினரும் அடக்கம். எண்டா உங்கட தம்பின்ர பேரும் அந்த ஆன்ட்டின்ர மகன்ர பேரும் ஒரே சட்டத்துக்குக் கீழதான் தேடப்பட வேணும். விசாகா தர்மதாச எண்டு ஒரு சிங்களத் தாய், மகன் 1998ல கிளிநொச்சிச் சண்டையில காணாமல் போனவர், அவ அப்பிடிப் பிள்ளையைக் காணாத தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு வன்னிக்குப் போய் இயக்கத்தோடயே கதைச்சவ, தமிழ்த் தாய்மாரோட ஒண்டா இருந்து வேலை செய்தவ. நீங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், எதிர்க் கதவு வரைக்கும் காணும்.

தட்டு. எங்கட வீடுகள்ல வாங்கின தட்டை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் இல்லை, சிங்கள வீடுகள்லயும் இல்லை, ஒரு கரண்டி சீனி எண்டாலும் போட்டுத்தான் குடுக்கிறது. அடுத்த மே 18க்கு நீங்கள் முள்ளிவாய்க்கால்ல செத்த ஆக்களை நினைச்சுக் கஞ்சி காய்ச்சினா ஒரு கிண்ணத்தில கொஞ்சம் ஊத்தி அந்தத் தட்டில வச்சுக் கொண்டு போய், இது என்ன கஞ்சி, உப்புக் கூடக் குறைவா ஏன் இருக்கு எண்டு சொல்லிக் குடுங்கோவன். அவ குடிச்சாலும் சரி, கொட்டினாலும் சரி, நீங்களும் கொட்டினனீங்கள் தானே. அதுக்கு இன்னும் மனம் வராட்டி தட்டு கபேட்டுக்குள்ளயே கிடக்கட்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல அம்மாவை இறக்கி விட்டிட்டு பைக் விட இடம் தேடிக்கொண்டிருந்தனான், அதாலதான் நான் இருக்கிறன். ஸ்கூல்ல இருந்து எனக்கு ஒரு முஸ்லிம் ஃப்ரெண்ட், அம்மா கையால சாப்பிட்டு வளந்தவன். செத்த வீட்டுக்கு வந்து கேட்டுக்கு வெளியிலயே நிண்டிட்டுப் போனவன், நான் போய்க் கூப்பிடேல்ல. ஆறு வருசமாக் கதைக்கிறதில்லை, அவன்ர கடை இருக்கிற ரோட்டால போறதுமில்லை. பிரசங்கத்தில மன்னியுங்கோ எண்டு சொல்லுறாங்கள். என்னால ஏலாமல் இருக்கு. நான் நல்ல கிறிஸ்தவன் இல்லையோ?
— கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, உங்கட ஃப்ரெண்டிட்ட மன்னிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அவன் குண்டு வைக்கேல்ல. குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவங்கள் அண்டைக்கே செத்திட்டாங்கள். 260 பேருக்கு மேல போனது, அதில தமிழர், சிங்களவர், முஸ்லிம், வெளிநாட்டுக்காரர் எல்லாரும். உங்கட மனம் கோவத்தை வைக்க ஒரு முகம் தேடியிருக்கு, செத்தவனில வைக்க ஏலாது, அதால பக்கத்தில தெரிஞ்ச முகத்தில வச்சிட்டுது, அவ்வளவுதான். அந்த மே மாசம் மினுவாங்கொடையிலயும் குருணாகல் பக்கத்திலயும் முஸ்லிம் கடையளையும் பள்ளிவாசலையும் கூட்டம் சேந்து அடிச்சதைப் பாக்கேக்க எனக்கு 83தான் ஞாபகம் வந்துது, ஆரோ செய்ததுக்கு ஆற்ரயோ கடை எரியிறது. உங்கட ஃப்ரெண்ட் கேட்டுக்கு வெளியில நிண்டதுக்கு அந்தப் பயமும் ஒரு காரணமா இருக்கலாம், உள்ளுக்கு வந்தா ஆரும் ஏதும் சொல்லிப்போடுவினமோ எண்டு.

எங்கட ஆக்கள் முஸ்லிம் சனத்திட்டக் கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்டும் கிடக்கு, அதையும் இந்த இடத்தில சொல்லாமல் விட்டா நான் நேர்மையா எழுதேல்ல. 1990 ஒக்டோபர்ல யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்களை ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொல்லி இயக்கம் அனுப்பினது, காத்தான்குடிப் பள்ளிவாசல்ல ஓகஸ்ட் 3ம் திகதி தொழுதுகொண்டிருந்த ஆக்களைச் சுட்டது. புத்தளத்தில முகாமில பிறந்து அங்கயே வளந்த பிள்ளையள் எத்தினை. நான் கேக்கேல்ல, நீங்கள் கேக்கேல்ல, ஆனா எங்கட பேரில நடந்தது.

நல்ல கிறிஸ்தவனோ எண்ட கேள்விக்கு நான் சைவக்காரி, பாதர்மார் மாதிரிச் சொல்ல மாட்டன். ஆனா கண்ணால கண்டதைச் சொல்லுறன், 2020 உயிர்த்த ஞாயிறு பூசையில, கொரோனா நேரம், சனமில்லாத பூசை, டிவியில போனது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கினவையளை மன்னிச்சிட்டம் எண்டு சொன்னவர். அதே கர்தினால்தான் பிறகு வருசம் வருசமா உண்மை என்ன, பின்னால இருந்தது ஆர் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏப்ரல் 4ம் திகதியே இந்தியாவில இருந்து எச்சரிக்கை வந்தும் ஒண்டும் செய்யாமல் விட்டதுக்கு 2023 ஜனவரி 12ல உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவைத் தன்ர சொந்தக் காசில 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. உங்களை மாதிரிப் பிள்ளையைக் குடுத்த, தாயைக் குடுத்த ஆக்கள் விடாமல் போய் நிண்டபடியாத்தான் அது வந்தது. குண்டு வச்சவனை மன்னிக்க ஏலாட்டி ஏலாது, அதைக் கடவுளிட்ட அப்பிடியே சொல்லுங்கோ, அவருக்கு உங்களைப் பற்றித் தெரியாததே.

ஃப்ரெண்டுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடுங்கோ. பெரிசா ஒண்டும் எழுத வேண்டாம். "அண்டைக்கு உன்னை உள்ளுக்குக் கூப்பிடேல்ல, மன்னிச்சுக்கொள் மச்சான்" எண்டு காணும். இந்தக் கதையில மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் நீங்கள்தான் தம்பி, உங்கட அம்மா இருந்திருந்தா காதைப் பிடிச்சு முறுக்கி அவன்ர கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பா எண்டு நினைக்கிறன்.

கேள்வி: அப்பாவை 2008ல கொழும்பில வச்சு வெள்ளை வான் வாகனத்தில கடத்திக் கொண்டு போனது. காணி எழுதுறதுக்கு, பேங்க் விசயத்துக்கு எல்லாம் மரணச் சான்றிதழ் கேக்கினம். அம்மா எடுக்க விட மாட்டன் எண்டு நிக்கிறா, அதை எடுத்தா "கொண்டவங்களை விட்டிட்டம் எண்டு அர்த்தம்" எண்டு அழுறா. அண்ணாக்கள் காசு இறுக்கத்தில அம்மாவோட சண்டை. என்ன செய்ய?
— வத்தளை

பதில்: அம்மா சொல்லுறது சரி மகள், அவவை வெருட்டாதேங்கோ. மரணச் சான்றிதழ் எடுக்காமலே ஒரு வழி இருக்கு. 2016ல சட்டத்தில ஒரு திருத்தம் கொண்டு வந்து, ஆள் காணாமல் போயிருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழைத் தனியக் குடுக்கிறாங்கள், அதில செத்தது எண்ட சொல் இல்லை. பேங்க், கொடுப்பனவு, சொத்தைப் பராமரிக்கிறது மாதிரி விசயங்களுக்கு அது உதவும், காணியை விக்கிறதுக்குக் காணுமோ எண்டதை ஒரு சட்டத்தரணியிட்ட உறுதியைக் காட்டிக் கேளுங்கோ. விண்ணப்பத்தைப் பற்றி பிரதேச செயலகத்தில, இல்லாட்டி காணாமல் போனோர் அலுவலகத்தில கேக்கலாம். அண்ணாக்கள் போகாமல் நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, பேப்பரில என்ன எழுதியிருக்கு எண்டு கையெழுத்துப் போட முதல் ஒவ்வொரு வரியா அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பியும் கையில இருக்கட்டும்.

நீங்கள் இருக்கிற வத்தளையில இருந்து நீர்கொழும்பு ரோட்டில போனா சீதுவையில ரத்தொலுவ சந்தி, அங்க காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களுக்கு ஒரு நினைவிடம், சுவர் முழுக்கப் படம். 87க்கும் 90க்கும் இடையில, ஜேவிபி கிளர்ச்சி நேரம், பிள்ளையளைப் பறிகுடுத்த சிங்களத் தாய்மார் ஒவ்வொரு ஒக்டோபர் 27ம் வந்து விளக்கு வைப்பினம், தமிழ்த் தாய்மாரும் அங்க போயிருக்கினம். அம்மாவுக்கு விருப்பமெண்டா ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ, அப்பான்ர படத்தையும் எடுத்துக்கொண்டு. வெயில் நேரம், குடையும் தண்ணிப் போத்தலும் மறக்க வேண்டாம்.